கிளாரிடன் பனிமலையின் வரவு செலவு

நம்மில் பலர் மாலையில் உலாவும் சூரிச் ஏரிக்கு, கிளாருஸ் மாநிலத்துப் பனிமலைகளின் நீர் லிந்த் ஆற்று வழியே வந்து சேர்கின்றது. அம்மலைகளுள் ஒன்றான கிளாரிடனில், ஏறத்தாழ 2,700 மீற்றர், 2,900 மீற்றர் உயரங்களிலுள்ள இரு இடங்களை ஆய்வாளர்கள் 1914 ஆம் ஆண்டு முதல் அளந்து வருகின்றனர். இரு உலகப் போர்களும் இப்பணியை நிறுத்தவில்லை.

முறையோ மிக எளியது. இலையுதிர்காலத்தில் பனிக்கட்டியாற்றின் மீது கம்பம் நாட்டிக் காவிமண் தூவுவர். மாரிகாலப் பனி அதனை மூடிவிடும். வசந்தத்தில் மீண்டும் ஏறிச்சென்று, காவிநிறம் தென்படும்வரை தோண்டி, விழுந்த பனி எவ்வளவு நீருக்குச் சமமெனக் கணிப்பர். கோடை முடிந்ததும் எஞ்சியதை அளப்பர். இதனைக் கடைக்கணக்கு என்றே நாம் சொல்வோம்: பனி வரவு, உருகல் செலவு.

ஒரு கோடையின் வெம்மையைக் கொண்டு எதனையும் துணிந்து கூறவியலாது. நீண்டகாலக் கணக்கின் பெறுமதி அங்கேதான் விளங்குகின்றது. மழையற்ற கோடையில் ஆறுகளுக்கு நீரூட்டும் சுவிஸ் பனிக்கட்டியாறுகள், தம் பருமனில் 2022 இல் 6 சதவீதத்தையும் 2023 இல் 4 சதவீதத்தையும் இழந்தன. 1960 தொடக்கம் 1990 வரை முப்பது ஆண்டுகளில் கரைந்த அளவு, இரண்டே ஆண்டுகளில் போயிற்று! அயலிலுள்ள பிட்சோல் பனிக்கட்டியாறோ, சிதறிச் சிறுத்தமையால் 2019 இல் அளவீட்டுப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

கிளாரிடனுக்கு இன்றும் ஆண்டுக்கு இருமுறை ஏறுகின்றனர்.