லீவு கேட்ட நந்தன்

மிகக் குறைந்த சுரங்களில் பக்தி இசை அமைப்பவர் என்று உலகம் கொண்டாடுவது எஸ்தோனியாவின் ஆர்வோ பார்ட்டை. 1976இல் அந்தப் பாணியைத் தொடங்கினார். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே எளிய மெட்டுகளில் பக்தியைச் சொன்ன ஒருவர் தமிழில் இருக்கிறார்: கோபாலகிருஷ்ண பாரதியார்.

நாகப்பட்டினம் அருகே நரிமணத்தில் பிறந்து, மாயவரம் பக்கம் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1896இல் மறைந்தார். அவர் பெயரை நிலைக்க வைத்தது ‘நந்தனார் சரித்திரம்’.

பெரியபுராணத்து நந்தனார் கதையில் முதலாளி கிடையாது. வேதியர் என்ற பண்ணையாரைக் கொண்டுவந்தவர் பாரதியார்தான். சிதம்பரம் போக நந்தன் அவரிடம் அனுமதி கேட்கிறான். நாற்பது வேலி நிலத்து வேலையை ஒரே இரவில் முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். நெகிரி செம்பிலானில் பாஹாவ் பக்கத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய என் பாட்டிக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகப் பெரட்டில் நின்று லீவு கேட்டவர் அவர்.

இசைக்கு வருவோம். நொண்டிச் சிந்து போன்ற பாமர மெட்டுகளைப் பாரதியார் தயங்காமல் எடுத்துக்கொண்டார். மாஞ்சி ராகத்தில் ‘வருகலாமோ’ கேட்டிருக்கிறீர்களா? கோவிலுக்கு வெளியே நிற்பவன் உள்ளே வரலாமா என்கிறான், அவ்வளவுதான். சரணம் முடிந்ததும் பாட்டு அதே கேள்விக்குத் திரும்புகிறது. பதில் கிடைக்காத கேள்வி என்பதால் எத்தனை முறை வந்தாலும் அலுப்பதில்லை.

இந்த எளிமை பண்டிதர்களுக்குப் பிடிக்கவில்லை. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் கேட்டபோது, இலக்கணப் பிழைகளைக் கண்ட மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கொடுக்காமல் பலமுறை அலைய வைத்தார். ஒருநாள் பிள்ளை உறங்கிக்கொண்டிருக்க, பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தார். விழித்துக்கொண்ட பிள்ளை கேட்டு உருகிப்போய் எழுதிக் கொடுத்தார். பாரதியாரிடம் சிலகாலம் இசை கற்ற உ.வே.சாமிநாதையர் இதைப் பதிவு செய்திருக்கிறார். பிழைகள் அப்படியே இருந்தன, பாயிரமும் கிடைத்தது! தேர்வுக் கட்டுரையில் நாம் இதை முயன்று பார்க்க வேண்டாம்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒரே இரவில் விளைந்து நிற்கும் வயலைக் கண்டு வேதியரே நந்தன் காலில் விழுகிறார். ஆனாலும் அவன் தீயில் இறங்கி எழுந்த பிறகுதான் கோவிலுக்குள் போக முடிகிறது. முதலாளி மாறினார், கோவில் மாறவில்லை. பாரதியார் பழைய கதையை மாற்றத் துணிந்தவர்தானே, இதை ஏன் விட்டுவைத்தார்? விடுதியில் இதைப் பேசியே எங்களுக்கு ஓர் இரவு போனது.