உப்பை விட்டு நீரை மட்டும் இழுக்கும் திரவம்

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த அளவுவரை, அழுத்தம் கொடுத்து நீரை வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் குடிநீரைப் பிரித்த பின் மிஞ்சும் கழிவுநீரில் உப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அதிலிருந்தும் நீரைப் பிழிய வேண்டுமென்றால் தேவைப்படும் அழுத்தத்தைச் சவ்வு தாங்காது. திருப்பூர் சாயப்பட்டறைகளைப்போல ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாத இடங்களில் அந்தக் கடைசிக் கரைசலைக் கொதிக்கவைத்துத்தான் ஆவியாக்குகிறார்கள். எரிபொருளை விழுங்கும் வேலை அது.

கொதிக்கவைக்காமலே நீரைப் பிரிக்கலாம் என்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நை யின் யிப் குழுவினர் 2019-இல் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியவற்றுள் ஒன்று டைஐசோபுரொப்பைல் அமீன். நீரைவிட லேசான, நெடி அடிக்கும் திரவம். அறை வெப்பநிலையில் இதை உப்புநீரோடு கலந்தால் மேலே அமீனும் கீழே உப்புநீருமாக இரண்டு அடுக்குகள் நிற்கும். மெல்ல மெல்ல நீர் மூலக்கூறுகள் மட்டும் அமீனுக்குள் ஏறும். மின்னூட்டம் கொண்ட சோடியம், குளோரைடு அயனிகளுக்கு நீரின் அணைப்பு வேண்டும். அமீனில் அது கிடைக்காததால் கீழேயே தங்கிவிடும். மேலடுக்கை வடித்து 70 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சூடாக்கினால் அமீனுக்கும் நீருக்கும் இடையிலான பிணைப்பு தளர்ந்து, நீர் தனியே பிரிந்து அடியில் இறங்கும். அமீனை ஆறவைத்து மறுபடி பயன்படுத்தலாம். கடல்நீரைப்போல ஏழு மடங்கு உப்புள்ள கரைசலிலும் 98.4 சதவீதம் வரை உப்பு நீங்கியது. மறு ஆண்டே, உப்பு படிகமாக அடியில் விழும்வரை நீரை இழுத்துக் காட்டினார்கள்.

இந்த எண்ணம் புதிதல்ல. டெக்சாஸில் 1950-களிலேயே அமீன்களை வைத்து முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குழு தேங்காய் எண்ணெயிலும் உள்ள டெக்கனாயிக் அமிலத்தை எடுத்துக்கொண்டது. அது நேர் எதிர்: சூட்டில் நீரை வாங்கி, ஆறும்போது விடும். ஆனால் ஒரு சுற்றில் கிடைப்பது கொஞ்சம் நீர்தான்.

இதையெல்லாம் குடிநீர்த் திட்டமாக எண்ணுவதில் எனக்கு உடன்பாடில்லை. சாதாரணக் கடல்நீருக்குச் சவ்வே சிக்கனம். தவிர, பிரித்த நீரில் சிறிதளவு அமீன் கரைந்தே இருக்கும். அதையும் நீக்கியாக வேண்டும். அமீன் வீணானால் செலவும் ஏறும். ஆனால் ஆலைப் புகைபோக்கி வழியே வீணாகும் வெப்பம் இந்த 70 டிகிரிக்குத் தாராளமாகப் போதும். எனவே கழிவு உப்புநீரும் கழிவு வெப்பமும் ஒரே வளாகத்தில் இருக்கும் தொழிற்சாலைகளில்தான் இதை முதலில் சோதிக்க வேண்டும். அங்கே மீட்ட நீர் மறுபடி ஆலைக்கே போகட்டும்.