உங்களுக்குத் தெரியுமா? அசல் மசில் காரைக் காட்டிக்கொடுக்கும் எண்கள்

2014-இல் அமெரிக்க ஏலம் ஒன்றில் 1971-ஆம் ஆண்டு பிளிமத் ஹெமி குடா கன்வர்ட்டிபிள் என்ற மசில் கார் (ஆற்றல்மிக்க எஞ்சின் கொண்ட பழைய அமெரிக்கக் கார்) 35 லட்சம் டாலருக்கு விலைபோனது. இவ்வளவு பணம் புரளும் சந்தையில், சாதாரண காருக்கு வேஷம் கட்டி அசல் என்று தள்ளிவிடுபவர்களும் உண்டு.

● 1967–69 ஷெவ்ரோலே கமாரோவின் அடையாள எண் 123 என்று தொடங்கினால், அது ஆறு சிலிண்டர் எஞ்சினோடு பிறந்த கார். கமாரோவின் வேக ரகங்களான எஸ்எஸ், இசட்28 இரண்டும் வி8 கார்கள். அவற்றின் எண் 124 என்றே தொடங்கும். ஆனால் சாதாரண வி8 கமாரோவுக்கும் அதே 124தான். எனவே அது மட்டும் போதாது.

● 1964, 65-இல் பாண்டியாக் ஜிடிஓ என்பது கூடுதல் பணம் கட்டி வாங்கும் தொகுப்பு. அடையாள எண்ணில் அது தெரியாது. 1966-இல் தனி மாடலானதும் எண் 242 என்று தொடங்கியது. அதற்கு முந்தைய ஜிடிஓவுக்கு ஆலைப் பதிவேட்டின் நகலைக் கேட்டே ஆக வேண்டும்.

● 1970, 71 டாட்ஜ், பிளிமத் கார்களின் அடையாள எண்ணில் ஐந்தாவது எழுத்து ‘ஆர்’ என்றால்தான் 426 ஹெமி எஞ்சின்.

● ஷெவ்ரோலே வி8 எஞ்சினில் எண் பொறித்த இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஆலையில் இழைத்தபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் தெரிய வேண்டும். வழவழப்பாக இருந்தால், தேய்த்துவிட்டுப் புது எண் அடித்திருக்கலாம்.

நகல் காரை நகல் என்று சொல்லி விற்பதில் தவறில்லை. அசல் என்று விற்பது மோசடி. காரில் ஒட்டியிருக்கும் சின்னத்தை நம்பாதீர்கள், எண்ணையும் ஆவணத்தையும் சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.