தசையும் பதில் பேசும்!

நரம்பு கட்டளை போடும், தசை வேலை செய்யும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஸ்விட்ச் போட்டால் மோட்டார் ஓடுற மாதிரி. ஆனால் மோட்டார் திரும்பி ஸ்விட்சையே மாற்றுமா? உடம்பில் மாற்றும்!

நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தி அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம். அதைத் தயாரிப்பது கோலின் அசிட்டைல்டிரான்ஸ்ஃபரேஸ் என்ற என்சைம். 1973-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சுண்டெலியின் தண்டுவட செல்களைத் தனியாகவும், தசை செல்களோடு சேர்த்தும் வளர்த்தார்கள். சேர்த்து வளர்த்ததில்தான் அந்த என்சைம் செயல்பாடு அதிகம்!

இதில் நமக்கென்ன? ஒர்க் ஷாப்பில் கை வெட்டுப்பட்டு நரம்பு அறுந்தால், தசைத் தொடர்பு போய் நரம்பு செல்லில் இந்த என்சைம் குறைந்துவிடும். தைத்த பிறகு நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ.தான் வளரும். 100 மி.மீ. தூரத்துக்கு நூறு நாள்! மறுபடி தசையோடு சேரும்போது என்சைம் மீளும். ஆகவே, "தையல் போட்டும் விரல் அசையலையே" என்று வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

கன்ட்ரோல் சிஸ்டத்தில் நாம் படிக்கும் ஃபீட்பேக், நம் கைக்குள்ளேயே இருக்கிறது நண்பர்களே!