மின்சார லோடு ஆட்டோ: சூடும் ஸ்பிரிங்கும்

டீசல் லோடு ஆட்டோவைக் கொடுத்துவிட்டு மின்சார லோடு ஆட்டோவுக்கு மாறிய மளிகை வியாபாரிகள் இன்று எல்லா ஊர்க் கடைவீதிகளிலும் இருக்கின்றனர். எரிபொருள் செலவு குறைகிறது, புகையும் சத்தமும் இல்லை என்பதெல்லாம் உண்மையே. ஆனால் டீசல் வண்டியை நடத்திய பழக்கத்திலேயே இதையும் நடத்துகிறோம். அதனால்தான் இதை எழுத நேர்ந்தது.

முதலில் பாரம். மூன்று சக்கர மின்சார வண்டிகளில் பல, சுமார் 500 முதல் 550 கிலோ வரை ஏற்றுவதற்கென்று கட்டப்பட்டவை. அரிசி 26 கிலோ பையாக (2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைக்கு வரி வந்த பின், 26 என்ற எண் நமக்கெல்லாம் மனப்பாடம்) இருபது பை ஏற்றினால் 520 கிலோ ஆகிவிடும். நம் வண்டிக்கு எவ்வளவு என்பதைப் பதிவுச் சான்றில் பார்த்துக்கொள்ளலாம். மொத்த எடையிலிருந்து வெற்று எடையையும் டிரைவரின் எடையையும் கழித்தால் மிஞ்சுவதே சரக்குக்கு உரியது.

"இன்னும் பத்துப் பை போடப்பா, தாங்கும்" என்பது நம் குடோன்களில் அன்றாடம் கேட்கும் வார்த்தை. பாரம் மிஞ்சினால் டீசல் வண்டி முனகும், புகை கக்கும். மின்சார வண்டி வாய் திறவாது. பேசாமல் பேட்டரியிலிருந்து கூடுதல் மின்சாரத்தை இழுத்துக்கொண்டு போகும். அங்கேதான் சூடு பிறக்கிறது. மின்சாரம் இரண்டு மடங்கு ஓடினால் வயரிலும் மோட்டார் சுருளிலும் சூடு நான்கு மடங்காகும். வீட்டு இஸ்திரிப் பெட்டி சுமார் 4 ஆம்பியர்தான் எடுக்கிறது. 48 வோல்ட் வண்டி 5 கிலோவாட் வேலை செய்யும்போது 100 ஆம்பியருக்கு மேல் எடுக்கிறது. இவ்வளவு ஓடும் இடத்தில் ஒரு முனை சற்றே தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சுட்டுக் கருகும்.

பேரப்பிள்ளைகளின் ரிமோட் லாரியைக் கவனித்தவர்களுக்கு இன்னொன்று விளங்கும். லாரி சுவரில் முட்டி நிற்கும்போதும் பிள்ளை விசையை விடாமல் அழுத்தினால், மோட்டார் கை வைக்க முடியாதபடி சுடும். சுற்றாத மோட்டார் எடுக்கும் மின்சாரம் முழுவதும் சூடாகவே மாறுகிறது. மேம்பால ஏற்றத்தில் வண்டிகள் தேங்கி நிற்கும்போது, நம் டிரைவர்கள் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துகிறார்களே, அதுவும் இதே காரியம்தான். ஏற்றத்தில் நின்றால் பிரேக்கில் நிற்க வேண்டும் என்பதை அவர்களுக்கு ஒரு முறையாவது சொல்லி வைப்பது நல்லது.

அடுத்தது ஸ்பிரிங். நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். பாரம் மிஞ்சிப் பின்பக்கம் தாழ்ந்தால், உடனே பட்டறையில் கொண்டுபோய் ஒரு பட்டை கூட்டிப் போடுவது நம்மில் பலர் செய்வது. பட்டை கூட்டினால் வண்டி தாழாது, ஆனால் மோட்டாருக்குப் பாரம் ஒரு கிலோவும் குறைவதில்லை. பாரம் மிஞ்சியதைக் கண்ணுக்குக் காட்டிக்கொண்டிருந்த ஒரே அடையாளத்தை நாமே அழித்துவிடுகிறோம். வண்டி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து மறுநாள் மேலும் நாலு மூட்டை ஏறும். ஸ்பிரிங் விறைத்துப் போனால் பள்ளத்தில் விழும் அடியெல்லாம் நேராக பேட்டரிப் பெட்டிக்குப் போய், முனைகளைத் தளர்த்தும். தளர்ந்த முனை என்ன செய்யும் என்பதை மேலே சொன்னோம். உத்தரவாதச் சீட்டையும் ஒரு தடவை முழுதாகப் படித்துப் பாருங்கள். வண்டியில் மாற்றம் செய்தால் உத்தரவாதம் இல்லை என்ற வரி பெரும்பாலும் அதில் இருக்கும்.

தாழ்கிறது என்றால் முதலில் மூட்டைகளை இடம் மாற்றிப் பார்க்கலாம். சர்க்கரை, பருப்பு போன்ற கனத்த மூட்டைகள் டிரைவர் கூண்டுப் பக்கம் அடியில் இருக்கட்டும். அப்பளம், சேமியா, பிஸ்கட் பெட்டிகள் பின்னால் போகட்டும். கனம் முழுவதும் பின் அச்சுக்குப் பின்னால் விழுந்தால் முன்சக்கரம் லேசாகி, ஏற்றத்தில் ஹாண்டில் பிடிக்குள் நிற்காது. ஷாக்கில் எண்ணெய் கசிந்தால் மாற்றிவிட வேண்டும். டயரில் காற்றுக் குறைந்தாலும் மோட்டார்தான் அதற்குக் கூலி கொடுக்கிறது. வாரம் ஒரு முறை காற்றுப் பிடிக்க ஆகும் செலவு ஒரு டீக்காசு.

இனி சார்ஜ். பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும்போது சூடு 45 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. அக்கினி நட்சத்திர மத்தியானத்தில் வேலூர், திருச்சிப் பக்கம் வெளிச்சூடே 40ஐத் தாண்டுகிறது. பாரம் இழுத்து வந்த பேட்டரி அதற்கும் மேல் சுடும். வந்தவுடன் பிளக்கைச் செருகாமல், நிழலில் முக்கால் மணி நேரமாவது ஆற விடவேண்டும். இரவில் குளிர்ந்த பின் ஏற்றுவது இன்னும் மேல். சூடு ஆறட்டும் என்று தண்ணீர் பீய்ச்சி அடிப்பது கூடவே கூடாது.

எங்கே சார்ஜ் போடுகிறோம் என்பது உயிர் பற்றிய விஷயம். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் மாண்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில், மின்சார ஸ்கூட்டர் கடையில் பிடித்த தீயின் புகை மேலே இருந்த தங்கும் விடுதிக்குள் ஏறி எட்டுப் பேர் பலியாயினர். நம் குடோன்களில் சாக்கு, அட்டைப்பெட்டி, எண்ணெய் டின் இவற்றுக்கு நடுவேதான் வண்டி நிற்கிறது. மாடியில் குடும்பம் குடியிருக்கிறது. வண்டியை வெளிக் கொட்டகையில், மாடிப்படிக்கு அப்பால் நிறுத்திச் சார்ஜ் போடுவதே முறை. லித்தியம் பேட்டரித் தீ சிறிய அணைப்பானுக்கு அடங்காது, அணைந்தது போலிருந்து மறுபடி எரியும். புகை விஷம். ஆட்களை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்பு நிலையத்தை அழைப்பதுதான் முதல் வேலை.

இத்தகைய விபத்துகளுக்குப் பின் மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சு இறுதியிலும் இரண்டு கட்டமாகக் கடுமையாக்கியது. பழைய வண்டி வாங்குவோர் விலையைப் பேசுமுன் உற்பத்தி மாதத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. சார்ஜருக்குத் தனி லைன், சரியான எர்த்து, 16 ஆம்பியர் பிளக் வைத்துக்கொள்ள வேண்டும். ஃப்ரிட்ஜும் தராசும் ஓடும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் அதைச் செருகக்கூடாது.