கணக்கைக் கணினி போடும், எடையை நாம்தான் போட வேண்டும்

வீட்டிலேயே சவர்க்காரம் செய்து பயன்படுத்துவோரும், அதைச் சிறு தொழிலாக நடத்தும் இல்லத்தரசிகளும் இன்று நம்மிடையே உண்டு. சமையலைப் போல இதைக் கண்ணளவில் செய்ய முடியாது. ஏன் என்பதையும், இதில் கணினி மென்பொருள் எவ்வாறு உதவுகிறது என்பதையும் பார்ப்போம்.

எண்ணெயும் காரமும் வினைபுரிந்து உருவாவதுதான் சவர்க்காரம். கட்டிச் சவர்க்காரத்திற்குப் பயன்படும் காரம் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. அளவு சரியாக இருந்தால் காரம் முழுவதும் சவர்க்காரமாக மாறிவிடும். கூடினால் மிஞ்சிய காரம் தோலை அரிக்கும். மிகவும் குறைந்தால் கட்டி பிசுபிசுக்கும்.

ஒவ்வோர் எண்ணெய்க்கும் தேவையான கார அளவு வேறு. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம், செம்பனை எண்ணெய்க்கு 142 கிராம், ஆலிவ் எண்ணெய்க்கு 135 கிராம் தேவை.

ஓர் எடுத்துக்காட்டு. தேங்காய் எண்ணெய் அரைக் கிலோ, செம்பனை எண்ணெய் அரைக் கிலோ என்றால் 162.5 கிராம் காரம் வேண்டும். பாதுகாப்புக்காக 5 விழுக்காடு குறைத்தால் 154 கிராம். தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று முழுவதும் செம்பனை எண்ணெயை ஊற்றி, பழைய அளவிலேயே காரத்தைச் சேர்த்தால் என்ன ஆகும்? 12 கிராம் காரம் மிஞ்சிவிடும். அது குழந்தையின் தோலில் பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சோப்கால்க் போன்ற கணிப்பான்கள் இந்தக் கணக்கை நொடியில் போட்டுத் தருகின்றன. எண்ணெயைத் தேர்ந்தெடுத்து எடையைக் கொடுத்தால், காரம், நீர் இரண்டின் அளவும் வந்துவிடும். அச்சு பெரிதானால் எல்லா அளவுகளையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால், தவறான தகவலைக் கொடுத்தால் தவறான விடைதான் வரும். பட்டியலில் செம்பனை எண்ணெயும் செம்பனை விதை எண்ணெயும் அடுத்தடுத்து இருக்கும். மாற்றித் தேர்ந்தெடுத்தால் கிலோவுக்கு 30 கிராமுக்கு மேல் வேறுபாடு. சோடியத்திற்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைத் தேர்ந்தெடுத்தால் கார அளவு 40 விழுக்காடு கூடிவிடும். குழாய் அடைப்பு நீக்க விற்கப்படும் கலப்புப் பொருளையும் பயன்படுத்தக்கூடாது. கரண்டி அளவு வேண்டாம், மின்னியல் தராசுதான் வேண்டும்.

ஒவ்வொரு முறையும் தேதி, தொகுதி எண், எண்ணெய்களின் எடை, வாசனைப் பொருள் ஆகியவற்றைக் கணினியில் பதிந்து வையுங்கள். ஒருவருக்கு அரிப்பு ஏற்பட்டால், எந்தத் தொகுதி, என்ன சேர்த்தோம் என்பதை உடனே கண்டுபிடித்து, மீதிக் கட்டிகளை நிறுத்தி வைக்கலாம். மலேசியாவில் அழகுப் பொருள்களை விற்பனைக்கு விடுமுன் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகவைக்கு அறிவிக்க வேண்டும். முறையான பதிவு அங்கும் கைகொடுக்கும்.

கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். காரத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காரத்தின் மேல் நீரை ஊற்றக்கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகாது. குழந்தைகளை அருகில் விடாதீர்கள். கட்டிகளை நான்கு முதல் ஆறு வாரம் உலர வைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

கணினி கணக்கைத் தரும். கவனத்தை நாம்தான் தர வேண்டும்.