அறுவை தேவைப்படாத வயிற்றறைக் காற்று

வயிற்றறைக் காற்று என்பது குடலின் உள்ளே அல்லாமல், அதைச் சூழ்ந்துள்ள பெரிடோனிய அறையில் காற்று சேர்ந்திருக்கும் நிலையாகும். நோயாளியை நிற்கவைத்து மார்பு எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தால், உதரவிதானத்தின் கீழ் கரிய பிறைபோலத் தெரியும். சுமார் 90 விழுக்காட்டினருக்கு இரைப்பையிலோ குடலிலோ விழுந்த துளையே காரணம். அவர்களுக்குப் பெரும்பாலும் உடனடி அறுவை வேண்டும். எஞ்சியோருக்கு அது தேவையற்றது, சில வேளைகளில் கெடுதலும்கூட.

காற்று மட்டும் ஆளைக் கொல்வதில்லை. 1930களிலிருந்து 1950கள் வரை, உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலுக்கு ஓய்வு தர, காசநோயாளிகளின் வயிற்றறைக்குள் மருத்துவர்களே ஊசிவழி திரும்பத் திரும்பக் காற்றைச் செலுத்தினர். மருந்துகள் வந்தபின் அம்முறை வழக்கொழிந்தது. வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்பதைச் சென்னையில் நடந்த ஆய்வு 1959இல் காட்டியது. துளைவழி கசியும் இரைப்பை நீரும் மலமும் கிருமிகளுமே உண்மையான ஆபத்து.

அறுவை வேண்டாத காரணங்களுள் அடிக்கடி காணப்படுவது, அண்மையில் நடந்த வயிற்று அறுவையில் தங்கிய காற்றாகும். லேப்ராஸ்கோப்பிக்குச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு சில நாட்களில் உறிஞ்சப்பட்டுவிடும். வயிற்றைத் திறந்து செய்த அறுவையின் காற்று ஒரு வாரத்திற்கு மேலும் இருக்கலாம். செயற்கை சுவாசக் கருவியின் அழுத்தத்தால் நுரையீரலிலிருந்து காற்று கீழிறங்குவதுண்டு. பெண்களில் கருக்குழாய் வழியாகவும் நுழையும். உடலுறவுக்குப் பின்னும் இது நேரலாம் என்பதால், கூச்சத்தில் பலர் சொல்லாமல் விடுகின்றனர். குடல் சுவரிலுள்ள காற்றுக்குமிழி வெடிப்பது அரிது. கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவே பெருங்குடல் புகுந்துகொண்டால் இதே தோற்றம் வரும். 1910இல் இதை விவரித்த கிலைடிட்டியின் பெயரால் அது அறியப்படுகிறது. அங்கே இருப்பது குடலுக்குள் உள்ள காற்றுதான்.

பட்டு நெசவு ஊரான ஆரணியிலிருந்து வேலூர் ஏறத்தாழ 40 கி.மீ. வாரம் இருமுறை மும்முறை டயாலிசிஸுக்குப் பயணிக்க இயலாதவர், வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்யலாம். பை மாற்றும்போது குழாய்வழி காற்று நுழையக்கூடும். வலியும் காய்ச்சலும் இன்றி, வெளிவரும் நீர் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கவனித்திருந்தால் போதும். நீர் கலங்கினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அதே தெருவில், தறியில் குனிந்த முதுகின் வலிக்கு நெடுநாள் மாத்திரை விழுங்கிய நெசவாளிக்குத் திடீரென வயிறு பலகைபோல் இறுகினால், இரைப்பைப் புண் துளைபட்டிருக்கலாம். படம் இரண்டிலும் ஒன்றே.

ஆகவே படத்தோடு வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும் நாடித்துடிப்பு, காய்ச்சல், இரத்தப் பரிசோதனையும் முடிவைத் தீர்மானிக்கின்றன, ஐயமிருந்தால் சி.டி. ஸ்கேன் உதவும். முதியோரிலும் ஸ்டீராய்டு உட்கொள்வோரிலும் துளை இருந்தும் வயிறு மென்மையாகவே இருக்கக்கூடும். அவர்களைச் சில மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் சோதிக்க வேண்டும்.